யார்க் நகரை நடந்து பார்ப்பது எப்படி? மதிலிலிருந்து தொடங்குங்கள்

இங்கிலாந்தின் யார்க் நகருக்கு முதல் முறை போகிறவர்களில் பலர், ரயிலை விட்டு இறங்கியதும் நேராக மின்ஸ்டர் தேவாலயத்துக்குப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். தேவாலயத்தைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிட்டேன். ஊர் மனதில் நிற்கவே இல்லை. அடுத்த தடவை மதிலில் ஏறி ஆரம்பித்தேன். பழைய ஊர் எதுவரை இருந்தது, எந்தத் தெரு எந்த வாசலுக்குப் போனது என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபட்டது. அந்த வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன். ஒரு பகல் போதும்.

கிளம்பும் முன்

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வழுக்காத ஷூ கட்டாயம் வேண்டும். மதில் மேல் உள்ள கல்பாதை மழையில் வழுக்கும், சில இடங்களில் ஊர்ப்பக்கம் கைப்பிடியே கிடையாது. பனி உறைந்த நாளில் மதிலை மூடிவிடுவார்கள். சிறிய பைனாகுலர் ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தேவாலயத்தில் அதற்கு வேலை இருக்கிறது.

இரண்டு சொற்களையும் தெரிந்துகொள்ளுங்கள். 866-இல் வைக்கிங்குகள் இந்த ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் மொழியில் 'காட்டா' என்றால் தெரு. அதனால் இங்கே 'கேட்' என்று முடியும் பெயர்கள் வாசல்கள் அல்ல, தெருக்கள். மிக்கிள்கேட் என்றால் பெரிய தெரு. காப்பர்கேட் என்றால் மரக்கிண்ணம் கடைபவர்களின் தெரு. ஊரின் உண்மையான வாசல்களுக்குப் பெயர் 'பார்'. இது தெரிந்துவிட்டால் பெயர்ப்பலகைகளே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும்.

படி 1: மிக்கிள்கேட் பாரில் ஏறுங்கள்

ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். தெற்கிலிருந்து வரும் அரசர்கள் ஊருக்குள் நுழைந்த வாசல் இது. துரோகிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டவர்களின் தலைகளை வைத்ததும் இதன் மேல்தான். அரியணைக்கு உரிமை கோரி, 1460-இல் வேக்ஃபீல்டு போரில் மாண்ட யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையைக் காகிதக் கிரீடம் சூட்டி இங்கே வைத்தார்கள்.

இங்கிருந்து லெண்டல் பாலம் வரை மதில் மேலேயே நடக்கலாம், கட்டணம் இல்லை. மொத்த மதிலும் சுமார் 3.4 கிலோமீட்டர், பெரும்பகுதி 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் கட்டியது. நாள் முழுக்க இருக்கிறதென்றால் சுற்றி வாருங்கள். கிழக்கே ஓரிடத்தில் மதில் திடீரென்று நின்றுவிடும், அது இடிந்துபோனதல்ல. 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய வெற்றியாளன் வில்லியம் ஃபாஸ் ஆற்றைத் தடுத்ததால் அங்கே பெரிய ஏரியும் சதுப்பும் உண்டாகிவிட்டன. தண்ணீரே காவலாக இருந்ததால் சுவர் தேவைப்படவில்லை.

படி 2: மியூசியம் கார்டன்ஸில் ஒரு சுவரைக் கவனமாகப் பாருங்கள்

பாலத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் இந்தப் பூங்கா வரும். உள்ளே பல பக்கங்கள் கொண்ட ஒரு பழைய கோபுரம் நிற்கிறது. அதன் அருகே போய்க் கீழிருந்து மேலே பாருங்கள். அடியில் கை அளவே உள்ள சின்னச் சின்னக் கற்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும், நடுவே சிவப்பு ஓடுகளாலான ஒரு பட்டை ஓடும். அது ரோமர்கள் கட்டியது. அதற்கு மேலே கற்கள் பெரிதாகி, அம்பு விடும் பிளவுகள் தெரியும். அது இடைக்காலக் கட்டுமானம். யார்க்கை கி.பி. 71-இல் நிறுவிய ரோமர்களின் சுவர் மேலேயே அடுத்து வந்தவர்கள் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு மின்ஸ்டரைவிட இந்தச் சுவர்தான் நெருக்கம். பூங்காவிலேயே செயின்ட் மேரீஸ் மடத்தின் இடிபாடுகளும் இருக்கின்றன, அவற்றுக்கும் பத்து நிமிடம் கொடுங்கள்.

படி 3: பூதம் பார் முதல் மங்க் பார் வரை

நேரம் குறைவு என்றால் மதிலில் இந்த ஒரு துண்டை மட்டுமாவது நடந்துவிடுங்கள். தோட்டங்களுக்கு அந்தப் பக்கம் மின்ஸ்டர் முழுதாகத் தெரியும். வசந்தத்தில் மதிலடி மேட்டில் டாஃபடில் பூக்கள் மஞ்சளாகப் பூத்திருக்கும்.

படி 4: குட்ராம்கேட்டும் ஷாம்பிள்ஸும்

மங்க் பாரில் இறங்கினால் குட்ராம்கேட். இங்கே லேடி ரோ என்ற வீட்டு வரிசை 1316-இல் கட்டியது. மேல்மாடி தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். இதன் வாடகையில்தான் பின்னாலுள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஒரு பாதிரியாரை அமர்த்தி, இறந்தவர்களுக்காக வழிபாடு நடத்தினார்கள். சின்ன வளைவு ஒன்றுக்குள் நுழைந்தால் அந்தத் தேவாலயம் வந்துவிடும். கூட்டம் இருக்காது. தரை மேடும் பள்ளமுமாக இருக்கும், பார்த்து நடங்கள்.

அப்புறம் ஷாம்பிள்ஸ், கசாப்புக்காரர்களின் தெரு. இறைச்சியைப் பரப்பிவைத்த பலகைக்கான பழைய சொல்லே தெருவின் பெயராகிவிட்டது. கடைகளுக்கு முன்னால் அகலமான ஜன்னல் பலகைகளும் இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகளும் இன்னும் இருக்கின்றன. இருபக்க மாடிகளும் நெருங்கி நிற்பதால் வெயில் இறைச்சி மேல் படவில்லை. நடைபாதை உயர்ந்தும் நடுத்தெரு தாழ்ந்தும் இருப்பது கழிவைக் கழுவிவிடத்தான். பகலில் நெரிசல் அதிகம், கடைகள் திறக்கும் முன் போனால் நல்லது.

படி 5: வணிகர் மண்டபம்

ஃபாஸ்கேட் தெருவில் மெர்ச்சன்ட் அட்வென்ச்சரர்ஸ் ஹால். 1357-இல் வேலை தொடங்கியது. மேலே வணிகர்கள் கூடிய பெரிய மரக்கூடம், கீழ்த்தளத்தில் ஏழைகளுக்கான விடுதி, பக்கத்தில் சிற்றாலயம். கணக்கும் தருமமும் ஜெபமும் ஒரே கூரைக்கடியில் நடந்திருக்கின்றன. கூடத்தின் நடுவே வரிசையாக நிற்கும் ஓக் தூண்களைப் பாருங்கள்.

படி 6: ஸ்டோன்கேட் வழியாக மின்ஸ்டருக்கு

இடைக்காலத்தில் கார்பஸ் கிறிஸ்டி என்ற கிறிஸ்தவத் திருநாளில் ஒவ்வொரு தொழில் சங்கமும் வண்டி மேடையில் ஒரு பைபிள் கதையை நடித்துக்கொண்டு ஸ்டோன்கேட் வழியாகத்தான் வந்தது. நோவாவின் பேழை கட்டும் காட்சி கப்பல் தச்சர்களுடையது.

மின்ஸ்டரில் ஜன்னல்களை வரிசையாகப் பார்த்தால் போதும். 1220 வாக்கில் தொடங்கி 1472 வரை கட்டியிருக்கிறார்கள்; இடையில் பாணி மாறிக்கொண்டே வந்ததை ஜன்னல்களே காட்டும். சிலுவை வடிவக் கட்டடத்தின் வடக்குக் கையில் உள்ள ஃபைவ் சிஸ்டர்ஸ், சாம்பல் பச்சையாக ஐந்து ஒல்லியான உயரக் கூர்ஜன்னல்கள். மேற்குச் சுவரில் கல்வேலை இதய வடிவில் வளைந்திருக்கும். கிழக்குக் கோடியில் டென்னிஸ் மைதானத்தின் பரப்புக்கு ஒரே ஜன்னல், கோவென்ட்ரியைச் சேர்ந்த ஜான் தார்ன்டன் 1405 முதல் 1408 வரை செய்தது. மேலே உலகப் படைப்பு, கீழே உலக முடிவு. பைனாகுலரை எடுக்க வேண்டிய இடம் இதுதான்.

மாலையில் ஈவன்சாங் வழிபாடு நடக்கும் நாளாக இருந்தால் கட்டணமில்லாமல் உட்கார்ந்து கேட்கலாம். இரவு தங்குவதாக இருந்தால் மறுநாள் காலை வெயிலில் கிழக்கு ஜன்னலை இன்னொரு முறை பார்த்துவிட்டு ரயிலேறுங்கள்.