ஸ்டார் பட்டனை அமுக்கினால் ஒன்றும் வரவில்லை: என் அனுபவம்

கோலாலம்பூர் நேரத்துக்கு ராகுகாலம் காட்டும் சின்ன ஆண்ட்ராய்டு செயலி என்னுடையது. அதில் "ஸ்டார் கொடுங்க" என்று ஒரு பட்டன் வைத்தேன். அமுக்கினால், கூகுளின் 'இன்-ஆப் ரிவியூ' வசதி செயலிக்குள்ளேயே விமர்சனப் பெட்டியைத் திறக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை அக்கா கைப்பேசியை நீட்டினார்: "தம்பி, அமுக்கி அமுக்கிப் பார்த்துட்டேன், ஒண்ணும் வரலையே." என் கைப்பேசியிலும் அதே கதை. பிழைச்செய்தி கிடையாது. லாக்கில் (செயலியின் பதிவேட்டில்) 'வெற்றி' என்றே வந்தது.

பெட்டியை அழைக்கும் லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பை) மாற்றினேன். இன்னொரு கைப்பேசியில் போட்டேன், அதிலும் என் கூகுள் கணக்குதான். நான்கு நாள் போச்சு.

அந்த 'வெற்றி'யை நம்பியதுதான் தப்பு. பெட்டி திறந்ததா, பயனர் எழுதினாரா என்பதை இன்-ஆப் ரிவியூ சொல்லவே சொல்லாது. ஏற்கெனவே விமர்சனம் போட்ட கணக்குக்குப் பெட்டி வராது. நானும் அக்காவும் முதல் வாரமே ஐந்து ஸ்டார் போட்டிருந்தோம்! திரும்பத் திரும்ப அழைத்தால், பெட்டியை எத்தனை முறை காட்டலாம் என்று கூகுள் வைத்திருக்கும் கோட்டாவும் தடுத்துவிடும்.

என் விமர்சனத்தை அழித்துவிட்டு, சோதனைப் பதிப்பைப் பகிர பிளே ஸ்டோர் தரும் இன்டர்னல் ஆப் ஷேரிங் வழியாகச் செயலியை நிறுவினேன். அங்கே கோட்டா இல்லை, பெட்டி வந்துவிட்டது. அனுப்பும் பட்டன் மட்டும் மங்கலாக இருக்கும். சோதனையில் அப்படித்தான், பயப்பட வேண்டாம்.

கூகுளின் வழிகாட்டுதல்படி, பெட்டியைப் பட்டனோடு கட்டவே கூடாதாம். இப்போது பட்டன் பிளே ஸ்டோர் பக்கத்தைத் திறக்கிறது. பெட்டியை ஏழாம் நாள் பயன்பாட்டில் செயலியே அழைக்கிறது. அப்பாடா!