டிவிடிக்கு எக்ஸ்போர்ட் பண்ணா சைஸ் இடிக்குதா, பைல ஏத்துக்க மாட்டேங்குதா?

எம்பி4 பைல் ஒன்றரை ஜிபிதான் இருக்கு, ஆனா டிவிடி ஆத்தரிங் சாஃப்ட்வேர்ல (வீடியோவ மெனுவோட டிவிடியா ஆக்குற சாஃப்ட்வேர்) போட்டா டிஸ்க்ல இடம் பத்தலன்னு சொல்லுதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. டிவிடியப் பொறுத்தவரை உங்க ஒரிஜினல் பைல் எவ்ளோ பெருசுங்கிறது கணக்குலயே வராது. எத்தனை நிமிஷம் ஓடுது, என்ன பிட்ரேட்ல (ஒரு நொடி வீடியோவுக்கு எவ்ளோ டேட்டா) என்கோட் பண்றீங்க, இந்த ரெண்டுதான் சைஸ முடிவு பண்ணும். சாதாரண டிவிடி பிளேயருக்கு எம்பி4 பைல்ல பெரும்பாலும் இருக்கிற எச்.264ங்கிற சுருக்குற முறை எல்லாம் புரியாது, அதுக்கு எம்பெக்-2 தான் வேணும், எம்பெக்-2 பழைய முறைங்கிறதால அதே தரத்துக்கு நிறைய இடம் எடுக்கும், அதனாலதான் ஒன்றரை ஜிபி போட்டா நாலு ஜிபியா வெளிய வருது.

இன்னொரு குழப்பம் அந்த 4.7 ஜிபி. டிஸ்க் மேல போட்டிருக்கிறது 470 கோடி பைட், அதையே விண்டோஸ் 4.38 ஜிபின்னுதான் காட்டும். விண்டோஸ்ல 4.5 ஜிபின்னு காட்டுற ஒரு ஐஎஸ்ஓ (முழு டிஸ்க்கையும் ஒரே பைலா ஆக்கினது) ரெடி பண்ணிட்டு இன்னும் இடம் இருக்கேன்னு நினைச்சா அது கண்டிப்பா ஏறாது.

எக்ஸ்போர்ட் பட்டன அமுக்குறதுக்கு முன்னாடி இந்த கணக்கப் போட்டுருங்க: 580ஐ மொத்த நிமிஷத்தால வகுங்க, வர்றதுதான் வீடியோவும் ஆடியோவும் சேர்த்து எம்பிபிஎஸ்ல (நொடிக்கு எத்தனை மெகாபிட்) உங்க பிட்ரேட். மெனுவுக்கு கொஞ்சம் இடம் விட்டுத்தான் 580ன்னு சொல்றேன். 120 நிமிஷம்னா 4.8 வரும், ஆடியோவுக்கு 0.2 கழிச்சா வீடியோவுக்கு 4.6. 90 நிமிஷம்னா மொத்தம் 6.4. ஒரு மணி நேரத்துக்கு 9.6 வருதேன்னு அப்படியே வெச்சுராதீங்க, டிவிடி வீடியோவுக்கு உச்சபட்சம் 9.8 தான்னாலும் வீட்ல எழுதின டிஸ்க்க அந்த வேகத்துல படிக்க பழைய பிளேயருங்க திணறும், படம் நின்னு நின்னு ஓடும், 8க்கு மேல போகாம இருக்கிறது நல்லது. டூயல் லேயர் (ரெண்டு அடுக்கு) டிஸ்க்னா 580க்கு பதிலா 1050 போட்டுக்கோங்க. வேரியபிள் பிட்ரேட் (காட்சிக்கு ஏத்த மாதிரி பிட்ரேட் மாறுறது), டூ-பாஸ் (ரெண்டு தடவை அலசி என்கோட் பண்றது) ஆப்ஷன் இருந்தா அதையே எடுங்க, நேரம் கூடுதலா ஆகும், ஆனா பிட்ரேட் கம்மியா இருக்கும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஆடியோவ நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. சில எடிட்டிங் சாஃப்ட்வேர் டிவிடி ப்ரீசெட்ல பிசிஎம் (சுருக்காத) ஆடியோவ வெச்சிருக்கும், அது 1.5 எம்பிபிஎஸ் தின்னுரும், அதையே ஏசி3 (சுருக்கின ஆடியோ), 192 கேபிபிஎஸ்னு மாத்தினா ரெண்டு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 1.2 ஜிபி மிச்சம், அந்த இடத்த வீடியோவுக்கு குடுக்கலாம். அப்புறம் சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ் இருக்கணும், 44.1ல எக்ஸ்போர்ட் பண்ணா சில ஆத்தரிங் சாஃப்ட்வேர் பைல எடுத்துக்கவே மாட்டேங்கும்.

பைல ரிஜெக்ட் பண்ணுதுன்னா பெரும்பாலும் ஃபிரேம் அளவுலதான் பிரச்சனை இருக்கும். பேல்னா (இந்தியாவுல இருக்கிற டிவி முறை) 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம், என்டிஎஸ்சின்னா (அமெரிக்கா, ஜப்பான் முறை) 720க்கு 480, 29.97 ஃபிரேம். 1080ல எடுத்தது, 4கேல எடுத்தது எல்லாமே கடைசில இந்த சைஸுக்குத்தான் வரும், வேற வழி கிடையாது. வைட்ஸ்கிரீனா இருந்தாலும் அதே 720 தான், 16:9ன்னு ஒரு குறிப்பு மட்டும் சேர்ந்து போகும், அத செட் பண்ண மறந்தா டிவில ஆளுங்க எல்லாம் ஒல்லியா நீளமா தெரிவாங்க. ஆட்கள் அசையும்போது ஓரமெல்லாம் துடிக்குதுன்னா ஃபீல்ட் ஆர்டர் (ஃபிரேமோட ஒத்தப்படை, இரட்டைப்படை வரிகள்ல எது மொதல்ல வரணும்ங்கிறது) தலைகீழா போயிருக்கு, அப்பர் இருந்தா லோயர்னு, லோயர் இருந்தா அப்பர்னு மாத்தி ஒரு நிமிஷத்த மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணிப் பாருங்க.

போன்ல எடுத்த வீடியோன்னா கூடுதல் ஜாக்கிரதை வேணும். போன் ஃபிரேம் ரேட்ட ஒரே சீரா வெச்சிருக்காது, வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி ஏத்தி இறக்கும், அத நேரா டிவிடிக்கு மாத்தினா போகப் போக வாய் அசைவும் சத்தமும் தனித்தனியா போயிரும். பைல் விவரம் காட்டுற மீடியாஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல போட்டுப் பாருங்க, ஃபிரேம் ரேட் மோட் வேரியபிள்னு இருந்தா மொதல்ல ஹேண்ட்பிரேக்ங்கிற வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல கான்ஸ்டன்ட்டா மாத்திட்டு அப்புறம் எடிட்டிங்குக்கு எடுங்க.

எடிட்டிங்லயே எம்பெக்-2 ஆக்கிட்டீங்கன்னா ஆத்தரிங் சாஃப்ட்வேர் அத திரும்ப என்கோட் பண்ணாம பாத்துக்கோங்க. டிவிடிஸ்டைலர்ங்கிற ஆத்தரிங் சாஃப்ட்வேர்ல வீடியோவுக்கு காப்பின்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத குடுத்தா தரம் அப்படியே இருக்கும், நேரமும் மிச்சம். எஃப்எஃப்எம்பெக் (கமாண்ட் அடிச்சு வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்) யூஸ் பண்றவங்களுக்கு பேல்-டிவிடி, என்டிஎஸ்சி-டிவிடின்னு ரெடிமேட் டார்கெட்டே இருக்கு, ஆனா அது வீடியோவுக்கு 6 எம்பிபிஎஸ்னு வெச்சுக்கும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல போற படம்னா பிட்ரேட்ட நீங்களே குறைச்சு குடுக்கணும்.

விஓபி பைல் (டிவிடில வீடியோ இருக்கிற பைல்) எல்லாம் ஒரு ஜிபி ஒரு ஜிபியா துண்டாகி நிக்குதேன்னு பயப்படாதீங்க, டிவிடியோட விதியே அதான், அதுங்கள ஒட்டவும் வேணாம் பேர் மாத்தவும் வேணாம். டிஸ்க்ல எழுதுறதுக்கு முன்னாடி ஐஎஸ்ஓவா சேவ் பண்ணி விஎல்சில ஓட்டுங்க, மெனு பட்டன் ஒவ்வொண்ணா அமுக்கி, ஒவ்வொரு சாப்டரோட கடைசி ஒரு நிமிஷத்தையும் சத்தம் வெச்சு கேட்டுட்டு அப்புறம் பர்ன் பண்ணுங்க.