சப்பரப் பவனிக்கு முதல்முறை போகிறீர்களா?

தூத்துக்குடி, நெல்லை, குமரிப் பக்கத்துக் கத்தோலிக்க நண்பர் யாராவது "எங்க ஊர்த் திருவிழா, சப்பரத்துக்கு வந்துருங்க" என்று கூப்பிட்டிருக்கிறாரா? தாராளமாகக் கிளம்புங்கள். கொடியேற்றம், சப்பரம், தேர், நேர்ச்சை எல்லாம் நமக்குப் பழகிய சொற்கள்தான். அந்தப் பழக்கமே சில இடங்களில் காலை வாரிவிடும்.

படி 1: எந்த நாள் என்று கேளுங்கள்

திருவிழா பெரும்பாலும் பத்து நாள். முதல் நாள் கொடியேற்றம். அப்புறம் தினமும் மாலையில் ஜெபமாலை, மறையுரை (பிரசங்கம்), நற்கருணை (பூசையில் அர்ச்சித்த அப்பம்) கொண்டு தரும் ஆசீர். ஒன்பதாம் நாள் இரவிலோ பத்தாம் நாளிலோ சப்பரம் கிளம்பும். பெரிய கோயில்களுக்குத் தேதி தெரிந்ததுதான்: தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. சின்ன ஊர்களில் நாள்காட்டியை நம்ப முடியாது. அந்தோணியார் திருநாள் ஜூன் 13 என்றாலும், வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் வந்துசேரத் தோதாக மே விடுமுறையில் வைத்திருப்பார்கள்.

இயேசு சிலுவை சுமந்து போனதை நினைத்துப் பெரிய வெள்ளியன்று நடக்கும் சிலுவைப்பாதை முற்றிலும் வேறு. 14 நிலைகள், மேளம் இல்லை, வெடி இல்லை. அது துக்க நாள். போய் நின்றுகொண்டு யாருக்கும் வாழ்த்துச் சொல்லாதீர்கள்.

படி 2: உடையும் செருப்பும்

வேட்டி, பேன்ட், சேலை, சுடிதார் எதுவும் சரி. அரைக்கால் சட்டை வேண்டாம். கோயிலுக்குள் பெண்கள் முந்தானையாலோ துப்பட்டாவாலோ தலையை மூடிக்கொள்வார்கள். நீங்களும் மூடிக்கொண்டால் நல்லது. வாசலில் செருப்புக் கிடந்தால் உங்களுடையதும் அங்கேயே.

படி 3: திருப்பலியில் உட்கார்ந்திருங்கள்

திருப்பலி என்பது ஃபாதர் நடத்தும் பூசை. எல்லோரும் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்காருங்கள். முழங்கால் போட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் கவனம் தேவை: நற்கருணை வாங்க மக்கள் வரிசையில் போகும்போது, பிரசாதம் என்று நினைத்து நீங்களும் போய்க் கை நீட்டாதீர்கள். கத்தோலிக்கர்களுக்கு அது கிறிஸ்துவின் உடலே. கத்தோலிக்கர் அல்லாதவர் இடத்திலேயே இருப்பதுதான் மரியாதை, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

படி 4: பவனியில் உங்கள் இடம்

முன்னால் சிலுவை போகும், அதன் இரண்டு பக்கமும் மெழுகுதிரி பிடித்த பீடச்சிறுவர்கள். பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு இரண்டு வரிசையில் மக்கள். அப்புறம் பேண்டு வாத்தியம், சப்பரங்கள். பல ஊர்களில் மிக்கேல் சம்மனசின் (தேவதூதரின்) சப்பரம்தான் வழிகாட்டிக்கொண்டு முதலில் வரும். மாதாவோ ஊரின் பாதுகாவலரான புனிதரோ கடைசியில். அழைத்த நண்பரோடு வரிசையில் நடங்கள், அல்லது கடைசிச் சப்பரத்துக்குப் பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள். ஜெபம் தெரியாவிட்டால் சும்மா நடந்தால் போதும். இரண்டு வரிசைக்கு நடுவே குறுக்கே கடப்பதுதான் பார்ப்பவர் முகத்தைச் சுளிக்க வைக்கும்.

தோள்கொடுக்க ஆசை வரும். கேட்காமல் தண்டைப் பிடிக்காதீர்கள். எந்தத் தெருக்காரர் எந்த இடத்தில் தூக்குவது என்பதற்குப் பல ஊர்களில் முறை உண்டு, அதற்காக மும்பையிலிருந்து லீவு போட்டு வந்தவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். கவட்டைக் கம்போடு ஓர் ஆள் முன்னால் ஓடி ஓடி மின்கம்பியைத் தூக்கிவிடுவார், பார்த்திருக்கிறீர்களா? அவர் கண் மேலேயே இருக்கும், உங்களைப் பார்க்க மாட்டார். நீங்கள்தான் விலக வேண்டும்.

வீட்டு வாசல்களில் வெள்ளைத் துணி விரித்த மேசையும் எரியும் திரியும் இருந்தால், சப்பரம் அங்கே நிற்கும் என்று அர்த்தம். அந்த வீட்டார் மாலை போடும்வரை முன்னால் போய் மறைக்காதீர்கள். உப்பும் மிளகும் போடுவது இந்தப் பக்கத்தில் பெரிய நேர்ச்சை. கை நிறைய அள்ளிச் சப்பரத்தின் மேல் வீசுவார்கள், ஓரத்தில் நிற்பவர் தலையிலும் சட்டைக் காலரிலும் விழும். அண்ணாந்து பார்த்தால் கண்ணில் விழுந்து எரியும். நீங்களும் போடலாம், கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் பொட்டலமாகவே கிடைக்கும். பணமாகக் கொடுப்பதென்றால் உண்டியலில் போடுங்கள்.

படி 5: நற்கருணைப் பவனி என்றால்

திருவிழா நாட்களுக்குள் ஒரு மாலை இதுவும் வரலாம். சொரூபம் (சிலை) இருக்காது, குடையின் கீழ் ஃபாதர் நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தை ஏந்தி வருவார். அது கடக்கும்போது தெருவே முழங்காலில் நிற்கும். நீங்கள் அசையாமல் நின்றால் போதும். போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். சப்பரத்தைப் படம் எடுப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் கும்பிடு நமஸ்காரமாகத் தரையில் விழுந்து எழுந்து வருபவரையும், சொரூபத்தின் காலைப் பிடித்து அழுகிறவரையும் எடுக்காதீர்கள். அனுமதி கேட்டும்கூட வேண்டாம் என்பது என் கட்சி. அந்த நிலையில் ஒருவரிடம் போய் அனுமதி கேட்பதே தொந்தரவு.

படி 6: அசனம்

சப்பரம் நிலைக்கு வந்தபின் சில ஊர்களில் அசனம் உண்டு. ஊரே பந்தியில் உட்காரும், உங்களையும் கையைப் பிடித்து இழுப்பார்கள். சில இடங்களில் ஆட்டுக்கறி, சில இடங்களில் சாம்பார். சைவம் என்றால் இலை போடும் முன்பே சொல்லிவிடுங்கள். பரிமாறியபின் ஒதுக்கினால் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் சங்கடம். இரவுச் சப்பரம் விடியும்வரை இழுக்கக்கூடும், கடைசிப் பேருந்தை நம்பி வராதீர்கள். படுக்க இடம் இருக்கிறதா என்று நண்பரிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.