ஒரே ஸ்லைடு கோப்பில் வகுப்பு முழுவதும்: ஐந்திணைப் பாடத்தை வைத்து ஒரு செய்முறை

நாற்பது பேர் உள்ள வகுப்பு, ஆய்வகத்தில் 10 கணினி, 45 நிமிடப் பீரியட். இவ்வளவுதான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திணைக்கு 8 பேர், அவர்களுக்கு 2 கணினி. எல்லோரும் ஒரே கூகுள் ஸ்லைட்ஸ் கோப்பில் எழுதுவார்கள். ஒரே நேரத்தில் 100 பேர் வரை எடிட் செய்யலாம் என்பதால் எண்ணிக்கை பிரச்சினையில்லை. பிரச்சினை எல்லாம் முன்தயாரிப்பில்தான்.

1. கூகுள் டிரைவில் ‘நியூ’ அழுத்தி ஸ்லைட்ஸ் கோப்பு ஒன்றைத் திறங்கள். முதல் ஸ்லைடில் இடப்பக்கம் ‘முதற்பொருள்’ (நிலம், பெரும்பொழுது, சிறுபொழுது), வலப்பக்கம் ‘கருப்பொருள்’ (தெய்வம், பூ, பறவை, தொழில்) என்று தலைப்புகளோடு கட்டம் போடுங்கள்.

2. இதை அப்படியே கொடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் தலைப்புகள் எங்கேயோ நகர்ந்து கிடக்கும். பிள்ளைகளின் மவுஸ் சும்மா இருக்காது. அதனால் ‘ஃபைல்’ → ‘டவுன்லோட்’ வழியாக அந்த ஸ்லைடைப் பி.என்.ஜி. படமாக இறக்குங்கள். ஸ்லைடில் உள்ளதை எல்லாம் அழித்துவிட்டு, ‘பேக்ரவுண்ட்’ பொத்தானில் அந்தப் படத்தையே பின்னணியாக வையுங்கள். இனி யாரும் இழுக்க முடியாது. மேலே திணைப் பெயருக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று டெக்ஸ்ட் பாக்ஸ் போடுங்கள். பக்கத்து இரண்டிலும் ‘இங்கே எழுதவும்’ என்று தட்டி வைப்பது நல்லது, வெற்றுப் பெட்டி பிள்ளைகள் கண்ணில் படாது.

3. இடப்பக்கப் பட்டியில் ஸ்லைடைத் தேர்ந்து, கன்ட்ரோல்-டி நான்கு முறை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பெயரிடுங்கள்.

4. ‘ஃபைல்’ → ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ → ‘நேம் கரண்ட் வெர்ஷன்’. ‘வகுப்புக்கு முன்’ என்று பெயர் கொடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு வகுப்புக்குள் போகவே போகாதீர்கள்.

5. ‘ஷேர்’ → ‘ஜெனரல் ஆக்சஸ்’ → ‘எனிஒன் வித் த லிங்க்’. பக்கத்தில் ‘வியூவர்’ என்று இருக்கும், ‘எடிட்டர்’ ஆக்குங்கள். “சார், டைப் ஆகலை” என்ற குரலுக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். பள்ளிக் கணக்கில் இந்தத் தெரிவே தெரியாவிட்டால், கணக்கை நிர்வகிப்பவர் வெளிப்பகிர்வைத் தடுத்திருக்கலாம், அவரிடம் கேளுங்கள். லிங்கை முந்தைய நாளே 10 கணினியிலும் திறந்து புக்மார்க் செய்துவிடுங்கள். அவ்வளவு நீள முகவரியைப் பிள்ளைகளைத் தட்டச் சொன்னால் பீரியட் அதிலேயே போய்விடும்.

தமிழ்த் தட்டச்சையும் அன்றே பாருங்கள். விண்டோஸில் தமிழ் விசைப்பலகை சேர்த்திருந்தால் விண்டோஸ் விசை-ஸ்பேஸ் அழுத்தி மாற்றலாம். பழைய பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். எல்லாம் யூனிகோடில் இருக்கட்டும்.

வகுப்பில், குழுவின் முதல் கணினிக்கு முதற்பொருள், இரண்டாவதுக்குக் கருப்பொருள். ஒரே பெட்டியில் இருவர் தட்டினால் ஒருவர் வரிக்குள் மற்றவர் எழுத்து புகுந்துவிடும். தட்டுபவர் ஒருவர், புத்தகத்தில் தேடுபவர் இருவர், பிழை பார்ப்பவர் ஒருவர். 7 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். எழுத 25 நிமிடம் போதும். மீதியில் ஒவ்வொரு ஸ்லைடையும் பெரிய திரையில் காட்டி, மருதத்துக்கும் நெய்தலுக்கும் மட்டும் ஆறு பெரும்பொழுதும் ஏன் என்று கேளுங்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

யாரோ பாலையை முழுவதுமாக அழித்துவிட்டார்களா? உங்கள் கணினியில் கன்ட்ரோல்-இசட் அழுத்திப் பயனில்லை, அது நீங்கள் செய்ததை மட்டுமே திருப்பும். அழித்த கணினியிலேயே உடனே அழுத்த வேண்டும். டேபை மூடிவிட்டார்கள் என்றால் வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போங்கள். ‘ரீஸ்டோர்’ மட்டும் வேண்டாம், மற்ற நான்கு குழுவின் வேலையும் பின்னுக்குப் போய்விடும். பழைய பதிப்பில் மூன்று புள்ளியை அழுத்தி ‘மேக் எ காப்பி’ கொடுத்து, அந்த ஒரு ஸ்லைடை மட்டும் எடுத்து ஒட்டுங்கள்.

லாகின் இல்லாமல் எழுதுபவர்கள் அநாமதேய விலங்குப் பெயர்களில்தான் தெரிவார்கள். யார் அழித்தது என்று ஹிஸ்டரி சொல்லாது. எந்தக் கணினியில் யார் என்று தாளில் குறித்து வையுங்கள்.

மணி அடித்ததும் ஷேரை ‘ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்குங்கள். இல்லையென்றால் லிங்க் வாட்ஸாப்பில் சுற்றி, இரவு 10 மணிக்கு முருகன் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார். அடுத்த பிரிவுக்கு, ‘வகுப்புக்கு முன்’ பதிப்பிலிருந்து புதுக் காப்பி, புது லிங்க்.