கற்றல் விளைவைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது எப்படி?

பாடம் முடிந்ததும் பிள்ளையால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பதைப் பாடக்குறிப்பேட்டில் கற்றல் விளைவுகள் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம், ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று வீட்டில் கேட்டால் "நாலாவது பாடம்" என்றுதான் பதில் வரும். புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்தவர்களும் டியூஷன் எடுப்பவர்களும் இதை நாளைக்கே மாற்றலாம். நம் சேலத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒன்றை வைத்தே சொல்கிறேன்: ஏற்காடு ஏன் குளிர்கிறது?

படி 1: கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதுங்கள்

"உயரத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை அறிதல்" என்று எழுதினால், அறிந்தாளா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? விளக்குவது, கணக்கிடுவது, வரைவது, ஒப்பிடுவது, இவற்றையெல்லாம் நேரில் பார்க்கலாம். கற்றலை எளிய நிலையிலிருந்து கடினமான நிலைவரை அடுக்கிய பெஞ்சமின் புளூம் குழுவினரின் 1956 வகைப்பாட்டை பி.எட். படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் ஆறு நிலைகளையும் ஒரே பீரியடில் தொட வேண்டியதில்லை, இரண்டு போதும்.

படி 2: பிள்ளை பேசுகிற மாதிரி மாற்றுங்கள்

கரும்பலகை மூலையில் இப்படி எழுதுங்கள்: "சேலத்தில் 36 டிகிரி என்றால் ஏற்காட்டில் தோராயமாக எவ்வளவு என்று என்னால் கணக்குப் போட முடியும். ஏன் குறைகிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல முடியும்." பீரியட் முடியும்வரை அதை அழிக்காதீர்கள்.

படி 3: கடைசிக் கேள்வியை முதலில் தயார் செய்யுங்கள்

பாடம் நடத்தும் முன்பே இது கையில் இருக்க வேண்டும். புத்தகத்தின் பின்னால் இருக்கிற கேள்வி வேண்டாம், அதற்குக் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்தே பதில் எழுதிவிடலாம். வகுப்பில் நீங்கள் சொல்லாத ஓர் ஊரைப் பற்றிக் கேளுங்கள்: ஊட்டி 2,240 மீட்டர் உயரம், சேலத்தில் 36 டிகிரி என்றால் அங்கே எவ்வளவு இருக்கும், ஏன்?

படி 4: முதலில் அவர்கள் சொல்லட்டும்

இதில்தான் அவசரப்படக் கூடாது. "ஏற்காடு ஏன் குளிருது?" என்று கேட்டதும் "மரம் நிறைய இருக்கு மிஸ்" என்று பல குரல் வரும். கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி "மேல போனா சூரியனுக்குக் கிட்டத்தானே போறோம், அப்போ சூடாத்தானே இருக்கணும்?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியை அடக்கிவிடாதீர்கள், பாடமே அதற்குள்தான் இருக்கிறது. சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது ஒன்றேகால் கிலோமீட்டர் மலை ஏறுவது ஒரு பொருட்டே இல்லை. வெயில் முக்கியமாகத் தரையைத்தான் சூடாக்குகிறது, தரைதான் தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் விரிந்து குளிர்கிறது. மர நிழலும் குளிர்ச்சி தரும்தான், ஆனால் முக்கியக் காரணம் உயரம்.

அப்புறம் கணக்கு. 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. வித்தியாசம் 1,220 மீட்டர், அதாவது 8 டிகிரி போல. கீழே 36 என்றால் மேலே 28. மேகம், காற்று இவற்றால் இது நாளுக்கு நாள் மாறும் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் போனில் வேறு எண்ணைப் பார்க்கிற பிள்ளை, மிஸ் சொன்னது தப்பு என்று நினைத்துவிடும்.

படி 5: துண்டுச்சீட்டு

கடைசி ஐந்து நிமிடத்தில் ஊட்டிக் கேள்வியைக் கொடுங்கள். சேலத்தைவிட 13 டிகிரி போல குறைவு, ஆகவே 23 என்று வர வேண்டும். மதிப்பெண் போடாதீர்கள், போட்டால் பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதுவார்கள், யாருக்கு என்ன வரவில்லை என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். சீட்டுகளை மூன்று கட்டுகளாகப் பிரியுங்கள்: கணக்கும் காரணமும் சரி, கணக்கு மட்டும் சரி, இரண்டும் வரவில்லை.

மறுநாள் முதல் பத்து நிமிடம் அந்தச் சீட்டுகளுக்குத்தான். கணக்கு மட்டும் வந்தவர்களை, காரணம் சொல்லத் தெரிந்தவர்களோடு உட்கார வையுங்கள். இரண்டும் வராத மூன்றாவது கட்டுப் பிள்ளைகளுக்கு நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து, வெயில் தரையைச் சூடாக்குவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பெருக்கல் தகராறா, காரணம் புரியவில்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். அந்தக் கட்டு பெரிதாக இருந்தால் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள், போர்ஷன் ஒரு நாள் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.