நியூயார்க்ல டாக்ஸிக்கு கை காட்டும்போது பண்ணக்கூடாத தப்புங்க

மன்ஹாட்டன் வந்த முதல் மாசம் நான் பண்ண ஒரு தப்பு இன்னும் மனசை உறுத்துது. நல்ல மழை, சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும், சிக்ஸ்த் அவென்யூ ஓரமா ஒரு அம்மா கைக்குழந்தைய நெஞ்சோட அணைச்சிக்கிட்டு ரொம்ப நேரமா டாக்ஸிக்கு கை நீட்டிட்டு நின்னாங்க, நான் பாட்டுக்கு அவங்கள தாண்டி வண்டி வர்ற பக்கமா ஒரு முப்பது அடி நடந்துபோய் கை தூக்கினேன், அடுத்து வந்த காலி வண்டி எனக்கு நின்னுடுச்சு. கண்ணாடி வழியா பாத்தேன், அந்தம்மா திட்டல, குடையை குழந்தை பக்கம் சாய்ச்சிட்டு மறுபடி கை தூக்கினாங்க.

மறுநாள் ஆபீஸ்ல சொன்னப்பதான் இதுக்கு அப்ஸ்ட்ரீமிங்னு பேரே இருக்குன்னு தெரிஞ்சுது. அங்க கயிறு கட்டின வரிசை கிடையாது, ஆனா வரிசை இருக்கு. முதல்ல வந்து நின்னவங்களுக்குத்தான் முதல் வண்டி. நம்ம ஊர்ல பஸ் ஜன்னல்ல துண்டு போட்டு இடம் பிடிச்சு பழகின கண்ணுக்கு அது சட்டுனு தெரியாது. அதனால அங்க யாராச்சும் ஏற்கனவே நின்னா, அவங்கள தாண்டி வண்டி போற பக்கமா போய் நில்லுங்க, இல்லன்னா அடுத்த அவென்யூவுக்கு போயிடுங்க. பெரும்பாலான அவென்யூ ஒன்வே, சிக்ஸ்த் வடக்க போகும், செவன்த் தெற்க போகும், நீங்க போற திசைக்கு ஓடுற ரோட்டுலயே நின்னா சுத்துற காசும் மிச்சம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்துட்டா, நீங்க முதல்ல வந்தீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க, அதுக்கு அங்க நல்ல மரியாதை.

அடுத்தது, வர்ற மஞ்ச வண்டிக்கெல்லாம் கை ஆட்டுறது. கூரை மேல நம்பர் விளக்கு எரிஞ்சாதான் வண்டி காலி. அணைஞ்சிருந்தா உள்ள ஆள் இருக்கு, இல்ல டூட்டி முடிஞ்சுது. நாலுல இருந்து அஞ்சு மணி வரைக்கும் ஷிப்ட் மாறுற நேரம், நிறைய டிரைவருங்க வண்டிய ஒப்படைக்க பக்கத்துப் பகுதியான குயின்ஸ் பக்கம் திரும்பிடுவாங்க, அதோட மழையும் சேந்தா சப்வேல, அதாவது பாதாள ரயில்ல போறதே மேல். மஞ்ச டாக்ஸி மாதிரியே பச்சை டாக்ஸியும் உண்டு, அது மன்ஹாட்டன் நடுப்பகுதியான மிட்டவுன்ல நிக்கலன்னா கோவப்படாதீங்க, கிழக்குல 96ஆவது தெரு, மேற்குல 110ஆவது தெரு, இதுக்கு தெற்க ரோட்டுல ஆள் ஏத்த அவங்களுக்கு அனுமதியே இல்ல.

வெளியூர்க்காரங்க எல்லாரும் பண்ற தப்பு, ஜன்னல்ல குனிஞ்சு "புரூக்ளின் வருவீங்களா"ன்னு கேக்குறது. கேக்கவே கேக்காதீங்க. ஏறி உக்காந்து கதவை சாத்திட்டு அப்புறம் இடம் சொல்லுங்க. டூட்டில இருக்குற மஞ்ச டாக்ஸி நகரத்தோட அஞ்சு பரோவுல, அதாவது மன்ஹாட்டன், புரூக்ளின் மாதிரி அஞ்சு பெரும் பகுதில எங்கன்னாலும் வரணும்ங்குறது விதி. மாட்டேன்னா மெடாலியன் நம்பர, அதாவது டாக்ஸி லைசென்ஸ் நம்பர குறிச்சிக்கிட்டு நகராட்சியோட புகார் போன் நம்பரான 311க்கு சொல்லலாம்.

ஜேஎஃப்கே ஏர்போர்ட்ல டெர்மினலுக்குள்ளயே வந்து "டாக்ஸி, டாக்ஸி"ன்னு பெட்டிய வாங்கப் பாப்பாங்க, கொடுக்காதீங்க. வெளிய ஸ்டாண்ட் வரிசைல நில்லுங்க, மன்ஹாட்டனுக்கு 2022 கடைசியில இருந்து 70 டாலர் ஒரே ரேட்டு, டோல், வரி, டிப் எல்லாம் தனி.

டிப்னு சொன்னதும் ஞாபகம் வருது, மீட்டர் காசு குடுத்தாச்சேன்னு இறங்கிப் போயிடாதீங்க, 15ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் குடுக்குறது அங்க வழக்கம். ஓட்டுறவங்கள்ல நிறைய பேர் வங்கதேசம், பாகிஸ்தான், பஞ்சாப்னு நம்ம பக்கத்துல இருந்து போனவங்க. அந்த மெடாலியன் ஒரு காலத்துல பத்து லட்சம் டாலருக்கு மேல வித்துச்சு, கடன் வாங்கி வாங்கினவங்க விலை சரிஞ்சதும் மூழ்கிட்டாங்க, 2021ல கடனை குறைக்கச் சொல்லி நகராட்சி தலைமை அலுவலகமான சிட்டி ஹால் வாசல்ல 15 நாள் உண்ணாவிரதம் இருந்துதான் தீர்வு வாங்கினாங்க. அதெல்லாம் தெரிஞ்சப்புறம் டிப்ப 20 சதவீதத்துக்கு கீழ அழுத்த எனக்கு கை வரல.

இறங்குறப்போ நடைபாதை பக்கக் கதவை மட்டும் திறங்க, அதுவும் பின்னாடி திரும்பிப் பாத்துட்டு. சைக்கிள்காரங்க சத்தமே இல்லாம வேகமா வருவாங்க. ரசீதையும் கையோட வாங்கி வச்சிக்கோங்க, அதுல மெடாலியன் நம்பர் இருக்கும், போனை சீட்லயே விட்டுட்டா அந்த நம்பர வச்சு சுலபமா தேடலாம்.