அமெரிக்காவுல டிரக் ஓட்டணுமா? லைசென்ஸும் மணிக்கணக்கும்
மொதல்ல மெடிக்கல் கார்டு (ஓட்ட உடம்பு ஃபிட்டுன்னு டாக்டர் தர்ற சான்று) எடுத்துடுங்க, அது அதிகபட்சம் 2 வருஷத்துக்குத்தான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணா லேர்னர் பெர்மிட், அது கையில வந்து 14 நாள் ஆகாம ரோடு டெஸ்ட்டுக்குப் போக முடியாது. புதுசா கிளாஸ் ஏ (பெரிய டிரெய்லர் டிரக் ஓட்டுற லைசென்ஸ்) எடுக்குறவங்க பதிவு பெற்ற பயிற்சிப் பள்ளியில படிச்சே ஆகணும், 2022 பிப்ரவரியில இருந்து இதான் ரூல். ஸ்டேட் தாண்டி ஓட்ட 21 வயசு வேணும்.

இப்போ எல்லாரும் சொதப்புற இடம். 10 மணிநேரம் ரெஸ்ட் எடுத்தப்புறம் 11 மணிநேரம் ஓட்டலாம், ஆனா டியூட்டி ஆரம்பிச்சதுல இருந்து 14 மணிநேரத்துக்குள்ள அதை முடிச்சாகணும். காலையில 6 மணிக்கு லாக் ஆன் பண்ணிட்டு குடோன்ல லோடுக்காக 4 மணிநேரம் தேவுடு காத்தாலும் கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கிட்டேதான் இருக்கும், ராத்திரி 8 மணிக்கு மேல ஸ்டியரிங்க தொடக்கூடாது (கடுப்பாத்தான் இருக்கும், என்ன பண்றது). சாப்பாட்டு பிரேக்கும் இதுலதான் கழியும். மொத்தமா 8 மணிநேரம் ஓட்டிட்டா 30 நிமிஷ பிரேக் கட்டாயம்.

வாரக்கணக்கு தனி: 7 நாளுக்கு 60 இல்லன்னா 8 நாளுக்கு 70 மணிநேர டியூட்டி ஆயிட்டா அதுக்கு மேல ஓட்டக்கூடாது, தொடர்ந்து 34 மணிநேரம் லீவு போட்டா கணக்கு ஜீரோவுல இருந்து ஆரம்பிக்கும். பஸ்ஸுக்கு ரூல் வேற.